யார் வழியில் வந்தது? ஆட்டிசம், மரபணு, தாயின் குற்றம்

ராயபுரத்திலோ காசிமேட்டிலோ, நாலு வயசாகியும் பேசாத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன்பே வீட்டில் விசாரணை தொடங்கிவிடுகிறது: "இது யாரு வழியில வந்துச்சு? எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் கெடையாதே." ஆட்டிசத்தின் காரணங்களைத் தேடிய ஆய்வுகளின் வரலாற்றை இக்கேள்வியோடு சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

1943இல் பால்டிமோரில் 11 குழந்தைகளை விவரித்த லியோ கானர், இது பிறவியிலேயே அமைந்தது என்றார். அதே கட்டுரையில் பெற்றோரின் பாசக்குறைவையும் குறித்துவைத்தார். உளப்பகுப்பாய்வுச் சொல்லாடல் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. பாசமற்ற 'ஐஸ்பெட்டித் தாய்' கட்டமைக்கப்பட்டாள். 1967இல் புரூனோ பெட்டல்ஹெய்மின் நூல் அவளை உலகப் பிரசித்தமாக்கியது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4இல் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மற்ற 10இல் ஒன்றில்கூட அப்படி இல்லை. சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் தாயைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியதில் அதற்குப் பங்குண்டு.

நம்மிடம் வந்துசேரும்போது மரபணு என்பது 'பரம்பரை' ஆகிறது, 'ரத்தம்' ஆகிறது. மறுபடி மருமகள்தான் கூண்டில். 2020இல் வெளியான பெரிய ஆய்வொன்று ஆட்டிசம் உள்ள 11,986 பேர் உட்பட 35,584 பேரின் மரபணுக்களைப் படித்து, 102 மரபணுக்களை அடையாளம் கண்டது. அதில் வலுவான சான்று தந்த மாற்றங்களில் பல, தாயிடமும் இல்லாமல் தகப்பனிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாக நேர்ந்தவை. மரபுவழி வரும் பங்கிலும் பெரும்பகுதி, எல்லோரிடமும் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகளின் கூட்டு; இரண்டு வீட்டிலிருந்தும் வருவது. 'யாரு வழி' என்ற கேள்வியே இங்கு அடிபட்டுப்போகிறது. இத்தகைய தரவுகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் மறக்க வேண்டாம். நம் உடல்கள் அந்தக் கணக்கில் மிகக் குறைவு.

இன்னொரு அவசரமும் உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இலிருந்து. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை. இந்தப் புகைதான் ஆட்டிசம் என்று சொல்லிவிடத் தோன்றும். அதற்குச் சான்றில்லை. ஆனால் 2009இல் வெளிவந்த ஆய்வு, சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளின் ரத்தத்திலுள்ள ஈயத்தை அவர்களது கவனச்சிதறல், நடத்தைச் சிக்கல்களோடு பொருத்திக் காட்டியது. 2011இல் அதன் தொடர்ச்சி, ஈயத்தோடு ஹீமோகுளோபினையும் ஒரு மரபணு வேறுபாட்டையும் சேர்த்தே பார்த்தது. அது ஆட்டிச ஆய்வல்ல. ஆனால் மரபணுவைப் பேசுகிறவர் ஆலையை மறக்கத் தேவையில்லை என்பதற்கு உள்ளூர் உதாரணம். நிரூபணமாகாததைக் கத்தினால், நிரூபணமானதும் சேர்ந்து அடிபடும்.

1995 ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016 சட்டத்தில் உரிமையானது. எந்த மரபணுவும் இதைப் பெற்றுத் தரவில்லை. பெற்றோரும் இயக்கங்களும் போராடியதால் வந்தது. பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் அமைந்தது. எண்ணூர்த் தாய்க்கு அது நகரின் மறுகோடி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் கடக்கும் அந்தத் தூரத்திற்கு யார் பரம்பரையைக் குற்றம் சொல்வது?