பாலைவனத்தில் கோதுமை

ராஜஸ்தானத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஜெய்சல்மேர்ச் சீமையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை, சராசரியில் 200 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அதுவும் ஆடி, ஆவணியில் சில நாட்களிலேயே பெய்து ஓய்ந்துவிடும். நிலத்தடி நீரோ பல இடங்களில் உவர்ப்பு. இத்தகைய பூமியில் கோதுமையும் கடலையும் விளைகின்றன என்றால் நேயர்கள் நம்பத் தயங்கக்கூடும். ஆயினும் 15-ஆம் நூற்றாண்டு தொட்டே அவை அங்கே விளைந்து வருகின்றன. அதற்கு வழி கண்டவர்கள், பாலி என்னும் ஊரிலிருந்து வந்து குடியேறிய பாலிவால் அந்தணர்கள்.

அவர்கள் கையாண்ட முறைக்குக் கடீன் என்று பெயர். மேலே பாறை மேடு. கீழே வண்டல் படிந்த பள்ளம். பள்ளத்தின் தாழ்ந்த ஓரத்தில், பெரும்பாலும் 100 முதல் 300 மீட்டர் நீளத்திற்கு, ஒரு மண்கரை. பாறையில் விழும் மழை ஓடிவந்து கரையருகே தேங்கும். மிகுந்த நீர் கலிங்கு வழியே வெளியேறும். இம்மட்டும் இது நாம் அறிந்த ஏரியே. ஆனால் ஏரிக்குக் கரைக்கு வெளியே வயல். கடீனிலோ நீர் நின்ற இடமே வயல். பாய்ச்சுவதற்காக நீரைத் தேக்கவில்லை. மண் குடிப்பதற்காகத் தேக்கினார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நீர் வடிந்ததும், முதலில் காயும் மேட்டோரத்தில் ஏர் பூட்டி, ஈரம் விலக விலக உட்புறம் இறங்கி விதைப்பர். பங்குனியில் அறுவடையாகும் வரை ஒரு குடம் நீரும் இறைப்பதில்லை. மழை குறைந்து நீர் தேங்காத ஆண்டில், அந்த ஈரத்திலேயே கம்பு விதைத்து அவ்வளவில் அமைவர்.

மேட்டு நிலத்தை அவர்கள் உழவில்லை. அங்கே மாடுகள் மேயும். அவற்றின் சாணம் மழையோடு கீழிறங்கி எருவாகும். கரைக்குப் புறத்தே ஒரு கிணறு உண்டு. கசியும் நீர் அக்கிணற்றுக்கு வருவதோடு, வயலில் தங்கக்கூடிய உப்பையும் தன்னுடன் கொண்டு போய்விடுகிறது. ஐந்நூறு ஆண்டுகளாக அந்த மண் உவராகிப் போகாததற்கு இதுவே காரணம். கரையின் புகழில் இந்தக் கசிவை மறந்துவிடுகிறோம். என் கருத்தில் கரையினும் நுட்பமானது இதுதான்.

கரை உடைந்தால் அந்த ஆண்டின் தானியம் போயிற்று. ஆதலால் மழைக்கு முன் கரைக்கு மண் அணைப்பது குடும்பத்தில் எல்லோருக்கும் உரிய வேலை. நிலமோ அரசருடையது, விளைவில் நாலில் ஒரு பங்கு அவருக்குச் சேரும். அந்த அளவோடு நின்றவரை குடிகள் தாங்கினர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மந்திரி சாலிம் சிங்கின் கொடுங்கோன்மை அளவு கடந்தது. கர்னல் டாட் தம் நூலில் அதனைக் கடுமையாகக் கண்டித்துள்ளார். 84 ஊர்களும் ஒரே இரவில் காலியாயின என்பது மக்கள் வழக்கு. ஓரிரவுக் கதையை ஆராய்ச்சியாளர் பலர் ஏற்பதில்லை. சிறிது சிறிதாகப் பெயர்ந்திருக்கலாம் என்பர். குல்தரா முதலிய ஊர்களின் இடிந்த வீடுகள் மட்டும் இன்றும் நிற்கின்றன.

வீடுகள் பாழாயினும் வயல்கள் பாழாகவில்லை. பின்வந்த வேறு குடிகள் அதே கரைகளைச் செப்பனிட்டு, அதே பள்ளங்களில் இன்றும் கோதுமை விதைக்கின்றனர்.