பலகைச் சாலைகள்

மழைக்காலத்திலும் பனி உருகும் பருவத்திலும் வண்டிச் சக்கரம் அச்சுவரை சேற்றில் புதையும் மண்பாதைகளையே நம்பி வாழ்ந்த நியூயார்க் மாகாணத்துக் குடியானவர்களுக்கு, ஜல்லி பரப்பிய சாலை எட்டாத செலவாகவும், கண்ணெதிரே ஓங்கி நின்ற காடு மலிவான திரவியமாகவும் தோன்றியதில் வியப்பில்லை. ரஷ்யாவில் வழங்கிவந்து, 1830களில் கனடாவை அடைந்த பலகைச் சாலை முறையை டொரன்டோ பக்கம் சென்று நேரிற் பார்த்துவந்த ஜார்ஜ் கெட்டிஸ் என்னும் இஞ்சினீயரின் பொறுப்பில், சிரக்யூஸ் நகரிலிருந்து சென்ட்ரல் ஸ்கொயர் என்ற ஊர் வரையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் பலகைச் சாலை 1846-ல் உருவாயிற்று. உப்புநீரைக் காய்ச்ச விறகும், உப்பை அடைக்கப் பீப்பாய்ப் பலகையும் ஓயாமல் வேண்டியிருந்த சிரக்யூஸுக்கு அந்தச் சாலை சென்ற வடதிசைக் காடு ஜீவாதாரமாக இருந்தது.

அமைப்பு எளியது, ஆனால் யுக்தி நிறைந்தது. பாதையின் நீளவாட்டில் இரண்டு வரிசையாக மரச்சட்டங்களை மண்ணிற் பதித்து, அடியிற் காற்று தங்காதபடி மண்ணைக் கெட்டித்து, அவற்றின்மேல் 8 அடி நீளமும் 3 அல்லது 4 அங்குல கனமும் உள்ள ஹெம்லாக் போன்ற மரப்பலகைகளைக் குறுக்கே நெருக்கமாக அடுக்கினார்கள். பலகைகளின் நுனிகள் ஒரே கோட்டில் நிற்கவில்லை. சில உள்ளடங்கியும் சில சற்றே நீண்டும் இருந்தன. அதைத் தச்சனின் அசிரத்தை என்று நினைத்துவிடலாகாது. எதிர்வண்டிக்கு வழிவிட்டுப் பக்கத்து மண்தடத்தில் இறங்கிய வண்டி மீண்டும் ஏறுகையில், சக்கரம் ஓரத்தில் உராய்ந்துகொண்டே ஓடாமல் நீண்ட நுனியைப் பற்றி மேலேறுவதற்காகவே அவ்வாறு செய்தார்கள். இந்தச் சிறு விஷயத்திற் காட்டிய விவேகத்தைப் பெரிய கணக்கிலும் காட்டியிருந்தால் சரித்திரம் வேறாகியிருக்கும்.

1847-ல் மாகாணச் சட்டசபை பலகைச் சாலைக் கம்பெனி அமைப்பதை எளிதாக்கியதும், வழியோரத்துக் குடியானவர்களும் கடைக்காரர்களும், லாபப் பங்கைவிடத் தங்கள் ஊருக்குச் சந்தை கிட்டும் என்ற ஆசையாலேயே பங்குகளை வாங்க, சில ஆண்டுகளுக்குள் அம்மாகாணத்தில் மட்டும் 300-க்கு மேற்பட்ட கம்பெனிகள் தோன்றி, சுங்கம் வசூலித்தன.

குளம்பும் சக்கரமும் பலகையைத் தேய்த்துத் தீர்க்குமேயன்றி, அதற்குமுன் அது மக்கிப்போகாது என்பது ஆதரவாளர்களின் சித்தாந்தம். புதிதாக இட்ட பலகைகளை மட்டும் கண்டு, எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு ஆயுள் என்று கணித்தார்கள். ஈரமண்ணோடு ஒட்டிக் கிடக்கும் மரம் என்னவாகும் என்பதை வேலிக்குக் கம்பம் நட்ட எந்தக் குடியானவனும் சொல்லியிருப்பான். பங்கு வாங்கும் வேகத்தில் அவனே அதை மறந்தான் போலும். நான்கைந்து ஆண்டுகளில் பலகைகள் உளுத்தன. புதுப்பிக்கச் சுங்கவரவு போதவில்லை. சில கம்பெனிகள் சாலையை ஊராரிடமே ஒப்படைத்து விலகின. வேறு சில, மக்கிய பலகைகளைப் பெயர்த்தெறிந்துவிட்டு, முன்பு வேண்டாமென்று தள்ளிய சரளையையே கொட்டி, சுங்கத்தை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டிருந்தன.