குன்னூர் ரயிலின் பிரேக்ஸ்மேனும் நம் பைக்கின் காலிப்பர் பின்னும்



மலைப்பாதை என்றாலே நாம் ஏற்றத்தைத்தான் பேசுகிறோம். வண்டி இழுக்குமா, எத்தனை சி.சி., எந்த கியரில் ஏறியது என்றுதான் கேட்கிறோம். இறங்கியதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்று நீலகிரி இறக்கத்தின் வரலாற்றைக் கொஞ்சம் எழுதுகிறேன். அது மேட்டுப்பாளையம் ரயிலில் தொடங்கி, உங்கள் பைக்கின் முன்சக்கரத்தில் சுண்டுவிரல் அளவில் இருக்கும் ஓர் இரும்புப் பின்னில் வந்து முடியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். பைக்கும் அதில் இரண்டு பேரும் சேர்ந்து 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடை கீழே வந்து சேரும்போது, சுமார் 12 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு ஆற்றல் வெளிப்பட்டிருக்கும். கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் எஞ்சின் தாங்கும். மீதி முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் இறங்க வேண்டும். வேறு வழி கிடையாது.

ஜான் சல்லிவன் 1819-ல் மலைக்கு வந்தார். 1820-களில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாகப் பாதை போட்டார்கள். 1830-களில் குன்னூர் வழிப் பாதை வந்தது. ஆளும் மாடும் குதிரையும் ஏறி இறங்கிய காலம் அது. ரயில் குன்னூர் வந்து சேர 1899 ஆகிவிட்டது. ஊட்டிக்கு 1908-ல்தான் போனது.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை அந்த ரயிலுக்கு நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். சுமார் 12 அடி போனால் 1 அடி ஏறும் சரிவு. பல்சக்கரம் ஏறுவதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இறங்கும்போது வண்டி வழுக்கி ஓடிவிடாமல் பிடிப்பதும் அதுதான். எஞ்சின் எப்போதும் மேட்டுப்பாளையம் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும்.

அது மட்டும் போதாது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேனை நிறுத்தினார்கள். எஞ்சின் டிரைவர் விசில் கொடுப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவரவர் பெட்டியின் பிரேக்கை அவரவர் போட வேண்டும், விட வேண்டும். நூறு ஆண்டு கடந்தும், 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகும், அந்த வேலைக்கு ஆள் நிற்கிறார். அதாவது, பிரேக்கைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்தார்கள்.

மோட்டார் வண்டி வந்ததும் அந்த ஆள் காணாமல் போனார். ஓட்டுபவரே பிரேக்ஸ்மேன் ஆனார்.

நம் மாநிலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் திருவொற்றியூர்தான். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. அந்தப் புல்லட்டுகளில் இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். மூடிய டப்பாவுக்குள் இரண்டு ஷூ விரிந்து தேய்க்கும். சமவெளிக்கு அது போதும். நீண்ட இறக்கத்தில் டப்பாவுக்குள் சூடு அடைத்துக்கொள்ளும், டிரம் விரியும், பிடிமானம் குறையும். அதனால்தான் மலை டிரைவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பாதி வேலையை எஞ்சினிடம் கொடுத்துவிடு என்று அர்த்தம்.

டிஸ்க் பிரேக் அந்தச் சூட்டுக்குத்தான் பதில். வெட்டவெளியில் சுழலும் தட்டு, இரண்டு பக்கமும் பேட், காற்று பட்டுச் சூடு தணியும். இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் 1953-ல் லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1969-ல் ஹோண்டா சிபி 750 மோட்டார் சைக்கிளில் வந்தது. நம் நாட்டில் என்ஃபீல்டு ஃபியூரி 1980-களில் கொண்டுவந்தாலும், 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட்டும் அதன்பின் பல்சரும் வந்த பிறகுதான் தெருவுக்குத் தெரு தெரிந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1962-ல், சென்னையில் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியிருந்தன.

இனி அந்தப் பின்னுக்கு வருவோம்.

நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் காலிப்பரின் ஒரு பக்கம்தான் பிஸ்டன் இருக்கும். லீவரை அழுத்தினால் பிஸ்டன் ஒரு பேடைத் தட்டில் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் உடம்பு எதிர்ப்பக்கம் நகர்ந்து, மறுபக்கப் பேடையும் இழுத்துக்கொண்டு வந்து அழுத்தும். அப்படி நகர்வதற்கு இரண்டு வழவழப்பான பின்கள். அவற்றின் மேல் ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். பின் நகர்ந்தால்தான் இரண்டு பேடும் வேலை செய்யும்.

நீலகிரியில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. மழை இல்லாத நாளில் மூடுபனி. எஸ்டேட் பாதையில் சேறு. ரப்பர் உறையில் சின்னக் கிழிசல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும். இரும்புப் பின் துருப்பிடிக்கும், அலுமினியத் துளையில் வெள்ளைப் பொடி கட்டும். பின் இறுகிவிடும்.

பிறகு நடப்பது இரண்டு. ஒன்று, ஒரு பேட் மட்டும் பிடிக்கும், பிரேக் பாதியாகும். இரண்டு, லீவரை விட்ட பிறகும் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் இரண்டாவதுதான் அதிக ஆபத்து. சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அதே விதி வைத்திருக்கும் எல்லை 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், லீவர் கைப்பிடியோடு ஒட்டிவிடும். பிரேக் இருக்காது. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். இறுகிய பின்னை அது இளக்காது.

கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு பேடின் தடிமனையும் பாருங்கள். ஒன்று தேய்ந்து மற்றது தேயாமல் இருந்தால் பின்னைச் சந்தேகியுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். காலிப்பரைக் கையால் அசைத்தால் பக்கவாட்டில் நகர வேண்டும்.

இறுகியிருந்தால் மெக்கானிக்குகள் செய்வது இதுதான். காலிப்பரைக் கழற்றி, பேடுகளைத் தனியே எடுத்து வைப்பார்கள். துரு இளக்கும் எண்ணெயைப் பின்னின் ஓரத்தில் விட்டுக் காத்திருப்பார்கள். நேராக இழுக்காமல், இடதும் வலதுமாகத் திருகித் திருகி வெளியே கொண்டுவருவார்கள். அசையவில்லை என்றால் சுடுதண்ணீர் ஊற்றலாம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் துளை பின்னைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சுத்தியல் வேண்டாம். நெருப்பும் வேண்டாம், உள்ளே ரப்பர் சீல் இருக்கிறது.

வெளியே வந்த பின்னில் லேசான துரு என்றால் மெல்லிய எமரி பேப்பர் போதும். குழி விழுந்திருந்தால் புதிது போட்டுவிடுங்கள். துளையைச் சுத்தம் செய்து, கிழிந்த ரப்பர் உறையை மாற்றி, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப்போகும், பின் மறுபடி இறுகும். டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. மாட்டியபின் லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் அங்கே ஒரு கார் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கக் கட்டுப்பாடு வந்தது. டி.என். 43 எண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும் சலுகையா என்று சிலர் கோபப்பட்டார்கள். சலுகை எண்ணுக்கு இல்லை. இறக்கத்தில் ஓட்டிப் பழகிய கைக்குத்தான் அது.

ஆனால் பழகிய கையாக இருந்தாலும், இறுகிய பின்னை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குன்னூர் ரயிலில் பெட்டிக்கு ஒருவர் செய்யும் வேலையை, பைக்கில் நாம்தான் செய்தாக வேண்டும். அதுவும் கிளம்புவதற்கு முன்பே.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பைக்கில் மலைக்கு வரக் கிளம்பினால், பெட்ரோல் போட்டாயா என்று கேட்பதோடு காலிப்பர் பின்னைப் பார்த்தாயா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.