கல்முனையில் கல் எங்கே?



பாறைகளும் கனியங்களும் என்ற பாடத்தைத் தொடங்கினால் நம் பிள்ளைகளிடமிருந்து வழமையாக வரும் முதற் கேள்வி இதுதான். "சேர், ஊர்ப் பெயரில் கல் இருக்கிறது. ஊரில் கல்லைக் காணவில்லையே?"

நியாயமான கேள்வி. கரையோரத்தில் தோண்டினால் மணல், மேற்கே வயல் வட்டைக்குப் போனால் களி. வீட்டுக்கு அத்திவாரம் போடும் கருங்கல் லொறியில் வருகிறது. பெயர்க் காரணத்தை ஊர்ப் பெரியவர்களிடம் விட்டுவிடுவோம். கல் இங்கேயே கிடக்கிறது, பொடியாகி. கடல் கொந்தளித்து அடங்கிய பின் கரையில் கறுப்புக் கோடுகள் தெரியும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கடதாசியில் சுற்றி அதில் இழுத்தால் கறுப்பு மணிகள் முள் முள்ளாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிஞ்சுவதில் பளிச்சென்றிருப்பது படிகக்கல். மலைப் பக்கத்துப் பழம் பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆற்றோடு வந்து கடலில் சேர்ந்தவை இவை.

கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, நிறுத்து அறியும் இந்த வழிக்கு வயது ஆயிரத்துக்கு அருகில். 973இல் குவாரிஸ்மில் பிறந்த அல்-பைரூனி, 1040களில் கஸ்னியில் இருந்தபடி இரத்தினங்களைப் பற்றி 'கிதாபுல் ஜமாஹிர்' என்ற நூலை எழுதினார். நம் தீவுக்கு அவர் வந்ததில்லை. ஆனால் ஸரந்தீபின் யாகூத் அவருடைய உலகத்தில் பேர்போன சரக்கு. நிறத்தை மட்டும் நம்பினால் கண்ணாடியும் யாகூத் ஆகிவிடும் என்பதால் அவர் பாரத்தைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் சிறு குழாய் வைத்த கூம்புப் பாத்திரத்தில் நீரை நிரப்பி, கல்லைப் போட்டு, வழியும் நீரை நிறுத்தார். நீல யாகூத்தை 100 என்று வைத்து மற்றக் கற்களை அதோடு ஒப்பிட்டார். அவர் கண்ட கணக்குகள் பல இன்றைய அளவுகளுக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானவை.

நாங்கள் வகுப்பில் செய்தது அதையேதான். பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, பக்கத்தில் துளையிட்டு ஒரு ஸ்ட்ரோவைச் செருகினோம். தராசு ஒரு மாணவியின் வாப்பாவுடைய கடையிலிருந்து இரவல். வெண் கூழாங்கல்லுக்கு 2.5, 2.6 என்று விடை வந்தது. படிகக்கல்லின் சரியான அளவு 2.65. யாகூத் 4 வரை போகும், கறுப்பு மணலில் உள்ள இல்மனைட்டு 4.7 வரை. அலை ஏன் வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கறுப்பைக் கரையில் விட்டுப் போகிறது என்பதை அதன்பின் பிள்ளைகளே சொன்னார்கள்.

பைரூனிக்குப் பிறகு நாம் தாவுவது 1903க்கு. இலங்கைக் கனியவள அளவீட்டின் முதல் பணிப்பாளர் ஒரு தமிழரின் மகன், ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராகவே அவரை உலகம் அறியும். ஆனால் லண்டனில் அவர் படித்தது புவிச்சரிதவியலும் தாவரவியலும். 1904இல், இரத்தினக்கல் தோண்டும் சரளையில் கிடைத்த, தன் பருமனுக்குப் பொருந்தாத பாரமுள்ள கறுப்புச் சதுரக் கட்டிகள் அவரிடம் வந்தன. யுரேனியத் தாது என்றே முதலில் எண்ணினார். லண்டனில் டன்ஸ்டன் என்ற வேதியியலாளர் அதைப் புதுக் கனியம் என்று கண்டு தோரியனைட்டு எனப் பெயரிட்டார். மறு ஆண்டே ஓட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானியர் அந்த இலங்கைக் கல்லிலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிர்வீசும் பொருளைப் பிரித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே ஹான்தான். குமாரசுவாமி பிரையர் என்பவரோடு சேர்ந்து விவரித்த இன்னொரு கனியத்துக்கு செரண்டிபைட்டு என்று பெயர். அரபிகள் வைத்த ஸரந்தீப் அப்படியே கனியப் பட்டியலில் ஏறிவிட்டது. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் வந்த சிரிப்பை எந்தப் பரீட்சைத் தாளிலும் காண முடியாது.

கறுப்பு மணலுக்கு வருவோம். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் இது பெரும் படுகையாகக் கிடக்கிறது. 1957இல் அதற்கென அரச கூட்டுத்தாபனமே அமைந்தது. அந்தக் கறுப்பு மணல் கப்பலேறிப் போய், வெள்ளைப் பெயின்றுக்கும் பற்பசைக்கும் வெண்மை தரும் பொருளாக மாறுகிறது. நாம் அதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

நம் கரைக்கு மணல் வரும் வழியிலும் கதை இருக்கிறது. பட்டிப்பளை ஆற்றைச் சிங்களத்தில் கல் ஓயா என்பார்கள், அதாவது கல்லாறு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் அணை கட்டி நம் வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அணை என்பது மணலைத் தன் அடியில் வைத்துக்கொண்டு நீரை மட்டும் விடுகிற ஒன்று. அதற்கு மேல் 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அலைதடுப்பு குறுக்கே நின்றதும் வாய்க்குள் மணல் மூடியது, வடக்கே ஒலுவிலிலிருந்து நிந்தவூர்ப் பக்கம் நிலம் அரிந்தது, தென்னைகள் சரிந்தன. மணலைத் தோண்டச் சொல்லும் மீனவரும் தோண்டாதே என்ற காணிக்காரரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் வந்தன. இருவரும் நம்மவர்கள். ஒரு தட்டில் மணலைப் பரப்பி, நீர் ஊற்றி, செங்கல் துண்டைக் குறுக்கே வைத்து, பலகையால் சரிவாக அலை எழுப்பினோம். கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் குவிந்தது, மறுபக்கம் அரிந்தது. "இதைக் கட்டும் முன்னே செய்து பார்த்திருக்கலாமே சேர்" என்றான் ஒருவன். பதில் சொல்லும் பொறுப்பு அவனுக்கு முந்திய தலைமுறையுடையது.

அடுத்த கட்டத்துக்கு உங்கள் உதவி தேவை. கிணறோ மலசலகூடக் குழியோ தோண்டுபவர்கள், ஒவ்வொரு முழத்திலும் ஒரு பிடி மண்ணைத் தனித்தனிப் பையில் போட்டு, ஆழத்தையும் இடத்தையும் எழுதித் தாருங்கள். பிள்ளைகள் அதைக் கண்ணாடிப் போத்தலில் நீரோடு குலுக்கி வைப்பார்கள். மணல் முதலில் படியும், பிறகு வண்டல், களி கடைசியில். களப்போரத் தாழ்நிலத்தில் கறுத்த சேற்றுக்கு நடுவே வெளிறிய கடல் மணல் மெல்லிய கோடாகத் தெரிந்தால், அந்தக் கட்டியை உடைக்காமல் கொண்டுவாருங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுவந்து போட்டதாக அது இருக்கலாம். இப்போது நம்மிடம் படிப்பவர்கள் எல்லோரும் அதன் பின் பிறந்தவர்கள்.