ஆடு புலி ஆட்டம்

தமிழகத்தின் பழைய கட்ட விளையாட்டு. இருவர் ஆடுவது. ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 ஆடுகள். முக்கோணத்தைக் குறுக்கே நீள்சதுரம் வெட்டும் கோடுகளில் 23 புள்ளிகள். கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் காய்களாகும்.

இருதரப்புக்கும் ஒரே சட்டம் இல்லை என்பதே இதன் தனித்தன்மை. புலி தாண்டி ஆட்டை வெட்டலாம். ஆடு எதையும் வெட்ட முடியாது. 15 ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆடும் இடம்பெயரக் கூடாது. ஆடுகளுக்கு உள்ள ஒரே வழி, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்று, புலிகளை நகரவிடாமல் அடைப்பது. தனித்து நிற்கும் ஆடு இரைதான். சிறுபான்மை வலிமை பெரும்பான்மையை ஆள்வதன் சித்திரமாக இதைப் படிக்கலாம். ஆக்கியோர் அப்படி எண்ணினரா என்பது வேறு கேள்வி.

கோயில்களின் கல்தளங்களில் இக்கட்டங்கள் கீறப்பட்டுள்ளன. ஆனால் அத்தளங்களில் அமரும் உரிமையே எல்லோருக்கும் இருந்ததில்லை. காஞ்சிபுரம் உட்பட சென்னை மாகாணக் கோயில்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நுழையும் உரிமையை 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டமே உறுதிசெய்தது.

இத்தகைய ஒதுக்கலையே கருவாக்கிய ஆட்டம் அமெரிக்காவில் 1970இல் வந்த ‘பிளாக்ஸ் அண்ட் ஒயிட்ஸ்’. அதில் வெள்ளையர் 10 லட்சம் டாலருடனும் கறுப்பினத்தவர் 10,000 டாலருடனும் தொடங்குவர். ஆடு புலி ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு, 4 புலிகளும் 20 ஆடுகளும் கொண்ட நேபாளத்தின் பாக்-சால்.