அசைச்சொல்லும் நெல்லைப் பேச்சும்

தாமிரபரணிக் கரையோரின் உரையாடலில் 'கேட்டியளா', 'பாத்துக்கிடுங்க' என்னும் சொற்கள் அடிக்கடி வந்து விழும். "நேத்து மேலப்பாளையம் போயிருந்தேன், பாத்துக்கிடுங்க" என்பவர் எதையும் பார்க்கச் சொல்லவில்லை. வெளியூர்க் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் முதலில் உதறுவது இச்சொற்களைத்தான். பிறர் முன்னிலையில் உம்மாவும் வாப்பாவும் அவ்வாறு பேசினாலும் கூசுகின்றனர். பொருளற்ற சொல் கல்லாதார் சொல் என்பது அவர்கள் எண்ணம்.

இலக்கண நூலார் அவ்வாறு எண்ணவில்லை. தொல்காப்பியர் இடைச்சொற்களை வகுக்கையில் அசைநிலைக்கும் இசைநிறைக்கும் இடந்தந்தார். அத்துடன் நில்லாது, எச்சவியலில், கண்டீர், போயிற்று முதலிய வினைச்சொற்களும் வினாவொடு கூடித் தம் பொருளிழந்து அசையாகும் என்றார். கேட்டை, கண்டை என்பனவற்றையும் அடுத்தே கூறினார். கேட்டலும் காண்டலும்! நம்மவர் பேச்சிலும் அவ்விரண்டு வினைகளே அசையாகி நிற்கின்றன. பழஞ்சொல்லே திரிந்து இன்றைய சொல்லாயிற்று என்று நாம் சாதிக்க வரவில்லை. கேட்போரின் செவியையும் கண்ணையும் தம்பால் நிறுத்திக்கொள்ளும் முறை ஒன்றே என்கிறோம்.

அந்தச் சொல்லதிகாரத்துக்குச் சிறந்த உரை வகுத்த சேனாவரையர், பொருநைக் கரை ஆற்றூரினர் என்று கருதப்படுகிறார். அவ்வுரையை 1868இல் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. அவர் பிறந்த மண்ணில் இதே இடத்தில் 'கண்டியளோ' என்பர், 'பாருங்கோ' என்பர். தயங்குகையில் 'வந்து' என்று இழுப்பதோ தமிழகமெங்கும் உள்ளது. அங்கும் எவரும் வருவதில்லை.

அரபு மக்கள் பேச்சிடையே 'யஃனி' என்பர். 'அதன் பொருளாவது' என்னும் சொல், பல வேளைகளில் பொருளேதுமின்றி நிற்கும். ஆங்கிலேயரின் 'யூ நோ'வும் இவ்வினமே. 'பாத்துக்கிடுங்க'வை நாணி விடுத்த பிள்ளை, இதனைக் கூசாமல் கைக்கொள்கிறான்!

நஹ்வு நூலார் பொருள் மிகையாய் வரும் இடைச்சொல்லை 'ஸாயிதா' என்பர். திருக்குர்ஆன் விரிவுரையாளர் பலர் இறைவாக்கில் மிகை என்று கூற அஞ்சி, 'ஸிலா' என்றும், வலியுறுத்த வந்த 'தவ்கீது' என்றும் வழங்கினர். மனிதர் பேச்சை வேதத்தோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று, அல்லாஹ் காப்பானாக. ஒரு சொல்லை மிகை எனத் தள்ளுமுன் அதன் பணியை ஆராய்ந்த அவ்வறிஞரின் நிதானத்தையே குறிக்கிறோம்.

சீறாப்புராணத்திலும் உமறுப் புலவர் 'மாதோ', 'அரோ' என்னும் அசைகளால் செய்யுளை நிறைவிக்கிறார். இல்லங்களில் அதனை ஓதக் கேட்டு வளர்ந்தோர் எவரும் அவற்றைக் குறையென்று சொன்னதில்லை.