பரணில் கிடந்த பட்டயங்களும் ஒரு தமிழாசிரியரும்

செஞ்சிப் பக்கம் தளவானூர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே உள்ள பாறையைக் குடைந்து 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு சிவன் கோயில் எடுத்தான். சத்துருமல்லன் என்பது அவனுடைய பட்டப் பெயர்களில் ஒன்று. அதனால் கோயிலுக்குச் சத்துருமல்லேஸ்வரம் என்று பெயர். ராஜா கட்டிய கோயிலில் ராஜா பெயர் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே குகையில் ஒரு தமிழ்ப் பாட்டும் வெட்டியிருக்கிறார்கள். அதைச் சொன்னவர் சிவதாசன் என்று பெயரும் போட்டிருக்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மகேந்திரவர்மனின் அப்பா சிம்மவிஷ்ணு, மகன் நரசிம்மவர்மன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சிவதாசனின் பிள்ளைகள் யார்? பேரன் பேத்திகள் எந்த ஊருக்குப் போனார்கள்? ஒரு தகவலும் கிடையாது. கல்லில் பெயர் ஏறிய மனிதருக்கே இந்த நிலைமை என்றால், பெயரே ஏறாதவர்களைக் கேட்கவே வேண்டாம்.

ராஜா வீட்டுக்கு மட்டும்தான் வரலாறா, குடியானவர் வீட்டுக்குக் கிடையாதா? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக அலைந்த ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். ஈரோட்டுக்காரர், புலவர் செ. இராசு. 2023 ஆகஸ்ட் 9 அன்று தமது 85ஆவது வயதில் காலமானார். கல்வெட்டு அறிஞர் மறைந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அது சரிதான், ஆனால் பாதிதான். அவர் முதலில் ஒரு பள்ளிக்கூடத் தமிழாசிரியர். மீதி வேலை எல்லாம் அதிலிருந்து கிளைத்தது.

பெயருக்கு முன்னால் வரும் "புலவர்" என்பது பாராட்டுப் பட்டம் இல்லை, படித்து வாங்கியது. அந்தக் காலத்தில் தமிழாசிரியர் ஆவதற்கு இருந்த படிப்பு அது. இலக்கணமும் பழைய செய்யுளும் தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்தால்தான் தேற முடியும். புள்ளி வைக்காத மெய்யெழுத்து, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தெரியாத எகர ஏகாரம், எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்ட பேச்சுச் சொல்... பழைய ஓலையில் இத்தனை சிக்கல் உண்டு. இவற்றைப் பிரித்துப் படிக்க வரலாற்றுப் பட்டத்தை விட இந்தப் படிப்புதான் அதிகம் உதவும்.

முதல் பெரிய கண்டுபிடிப்பு 1960இல். ஈரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள அறச்சலூர் மலைக் குகையில் தமிழ் பிராமி எழுத்துகளை அவர் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 22. நம்மில் பலர் அரியர் பேப்பரை எண்ணிக் கொண்டிருக்கும் வயது!

அந்தக் கல்வெட்டு சாதாரணமானது இல்லை. த, தை, தா, தே என்ற தாளச் சொற்கள், வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும். தமிழ்நாட்டு இசை, நடன வரலாற்றுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக இன்று அதைச் சொல்கிறார்கள். எழுத்துகளை அப்படி அமைத்தவர் பெயரும் அங்கே இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் காசையும் மணியையும் சோதித்துப் பார்ப்பவர். தேவன் என்பது அப்பா பெயர், சாத்தன் மகன் பெயர். தளவானூரில் கிடைக்காத தகவல் இங்கே ஒரே வரியில் கிடைத்துவிட்டது பாருங்கள், அப்பா யார் என்பதும் தொழில் என்ன என்பதும்.

பிறகு அவர் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுத் துறைக்குப் போனார். 1985இல் தொடங்கிய கொடுமணல் அகழாய்வில் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரோடு இவரும் பங்கெடுத்தார். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அந்த ஊர்தான். மணி செய்த தொழிற்கூடங்களும், ஆட்பெயர் கீறிய பானை ஓடுகளும் அங்கே கிடைத்தன. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டதால் விட்டுவிடலாம்.

அதிகம் பேசப்படாதது அவருடைய இன்னொரு வேலை. கோயில் சுவரில் இருப்பதை யாரும் போய்ப் படிக்கலாம். வீட்டுக்குள் இருப்பதை? கொங்கு நாட்டில் பல குடும்பங்களிலும் மடங்களிலும் செப்பேடுகளும் ஓலைப் பட்டயங்களும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தன. பூசை அறையில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள், அல்லது பரணில் போட்டிருப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வெளியாளிடம் கொடுக்கவும் பயம். காணி வழக்கிலோ கோயில் முதல் மரியாதைத் தகராறிலோ யாராவது எடுத்துக் காட்டிவிட்டால்? அந்தப் பயத்தைத் தாண்டி அவற்றைக் கேட்டு வாங்கிப் படித்து அச்சில் ஏற்றினார். 1991இல் வந்த "கொங்கு நாட்டுச் சமுதாய ஆவணங்கள்" இந்த உழைப்பின் பலன்.

சரி, அப்படி என்னதான் இருக்கும் அதில்? கொங்கு நாடு 24 நாடுகளாகப் பிரிந்திருந்தது. எந்த நாட்டில் எந்தக் கூட்டத்துக்குக் காணி, யார் யார் கூடி முடிவு எடுத்தார்கள், மடத்துக்கும் குலகுருவுக்கும் வீட்டுக்கு எவ்வளவு, கல்யாணத்துக்கு எவ்வளவு கொடுப்பது, தகராறை எப்படித் தீர்த்தார்கள், யார் சாட்சி. கடைசியில், இதை மீறுகிறவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்கிற மாதிரி ஒரு சாபமும் இருக்கும். வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: நாம் படிக்கும் பெரிய வரலாறு பேரேடு என்றால், இந்தப் பட்டயங்கள் குறிப்பேடு. குறிப்பேட்டில் பதியாதது பேரேட்டுக்குப் போக வழியே இல்லை.

படிப்பதோடு வேலை முடியாது. காலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்முடைய தமிழ் வருஷப் பெயர்கள் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வருகிறவை. பிரபவ என்று மட்டும் எழுதியிருந்தால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். சக ஆண்டு, கலியுக ஆண்டு, கிழமை, நட்சத்திரம், அரசன் பெயர் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தால்தான் ஆண்டு பிடிபடும். போலிகளும் உண்டு. மரியாதைக்கோ நிலத்துக்கோ ஆசைப்பட்டுப் பிற்காலத்தில் செய்து, பழைய ராஜா பெயரைப் போட்டுவிடுவார்கள். எழுத்தின் வடிவமும் இடையில் நழுவி விழும் பிற்காலச் சொல்லும்தான் அவற்றைக் காட்டிக் கொடுக்கும்.

கொங்கு நாட்டோடு அவர் நின்றுவிடவில்லை. தஞ்சை மராட்டியர் செப்பேடுகள், சேதுபதி செப்பேடுகள், தமிழக முஸ்லிம்களின் வரலாற்று ஆவணங்கள் என்று தொகுத்துக் கொண்டே போனார். கச்சத்தீவைப் பற்றியும் நூல் எழுதினார். 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன அந்தத் தீவைப் பற்றிய விவாதத்தில், அது யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று கேட்டால் ராமநாதபுரம் சேதுபதிகளின் ஆவணங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. ஒரு குடும்பத்தின் காகிதம் இரண்டு நாடுகளின் வழக்கில் சாட்சி! அவர் எழுதிய, பதிப்பித்த நூல்கள் நூற்றுக்கும் மேல்.

குறை சொல்ல இடமே இல்லையா? இருக்கிறது. குல வரலாறு எழுதுவது கத்தி மேல் நடக்கிற வேலை. ஒவ்வொரு சாதிக்கும் நாங்கள்தான் ஆண்ட பரம்பரை என்று எழுதிக் காட்ட ஆசை. அப்படி எழுதிக் கொடுக்கும் ஆசிரியருக்கு மாலை மரியாதையும் உண்டு. எம்.ஜி.ஆரின் முன்னோர் கொங்கு நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போனவர்கள் என்று புலவர் இராசுவே ஒரு நூல் எழுதினார். எம்.ஜி.ஆர். தமிழரா என்று அரசியல் மேடையில் கேட்கப்பட்ட காலத்தில் அந்த மாதிரி நூலுக்கு ஆராய்ச்சியைத் தாண்டிய வேலையும் இருந்திருக்கும். அதை அப்படியே ஏற்றுக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் மூல ஆவணத்தை அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். அவருடைய முடிவு பிடிக்காதவர் அதே ஆவணத்தைப் படித்து வேறு முடிவுக்கு வரலாம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் குல வரலாறுகளில் மூலமும் இருக்காது, எழுதியவர் பெயரும் இருக்காது.

அவரோடு போனது எது என்று கேட்டால், அச்சேறிய எதுவும் போகவில்லை. எந்த ஊரில் எந்த வீட்டில் என்ன இருக்கிறது, யாரிடம் எப்படிப் பேசினால் எடுத்துக் காட்டுவார்கள் என்கிற அனுபவம் போய்விட்டது. அதற்குப் பட்டியல் போட்டு வைக்க முடியாது. அறுபது வருஷப் பழக்கம் அது, ஒரு பிரபவ ஆண்டிலிருந்து அடுத்த பிரபவ ஆண்டு வரை ஆகிற காலம்.

பட்டயங்களோ இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. கொங்கு நாட்டில் மட்டும் இல்லை, செஞ்சிப் பக்கத்திலும்தான். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், ஆர்க்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், கும்பினியார் என்று இத்தனை பேர் மாறி மாறி வரி வாங்கிய சீமையில் பழைய காகிதம் இல்லாமலா இருக்கும்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஓலைக் கட்டு கிடைத்தால் பலமாகப் பிரிக்க வேண்டாம், ஒடிந்துவிடும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகச் சுவடித் துறையும் இருக்கின்றன. மூலத்தைக் கொடுக்க மனசு வராவிட்டால் போட்டோ எடுத்தாவது காட்டலாம். செப்புத் தகடு கிடைத்தால் முக்கியமாக ஒன்று: புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், எழுத்து தேய்ந்து போகும்.